சப், ஹோகி, ஹீரோ: ஒரு சாண்ட்விச்சின் பெயர்களும் தேதிகளும்

என் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் போன மாதம் கேட்டான். "அண்ணா, சப்வே கடையில சப்-னா என்ன? சுரங்கப்பாதையா?"

சப்மரீன், அதாவது நீர்மூழ்கிக் கப்பல் என்றேன். "ரொட்டிக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்?" என்றான். வடிவம் அப்படித்தானே, நீளமா, ரெண்டு முனையும் கூம்பி இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. அதைத் துரத்திப் போனதில் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. பெயரைத் தேடித்தான் போனேன். வந்து சேர்ந்தது அமெரிக்காவின் இத்தாலியத் தெருக்களில் இருந்த சின்னச் சின்ன மளிகைக்கடைகளுக்கு.

ஒரே பண்டம், ஊருக்கு ஒரு பெயர்

முதலில் பண்டம் என்னவென்று பார்த்துவிடுவோம். ஒரு முழ நீள ரொட்டியைப் பக்கவாட்டில் பிளந்து, அதற்குள் மெல்லிசாகச் சீவிய பதப்படுத்தின பன்றி இறைச்சி இரண்டு மூன்று வகை, பாலாடைக்கட்டி, நறுக்கிய லெட்டூஸ், தக்காளி, வெங்காயம். மேலே ஆலிவ் எண்ணெய், வினிகர், ஆரிகனோ. அவ்வளவுதான். அடுப்பே வேண்டாம்.

நியூஜெர்சியிலும் இன்னும் பல இடங்களிலும் இது சப். பிலடெல்பியாவில் ஹோகி. நியூயார்க்கில் ஹீரோ. நியூ இங்கிலாந்துப் பக்கம் கிரைண்டர் (நமக்கு மாவு அரைக்கிற சத்தம்தான் காதில் கேட்கும்). மெயின் மாநிலத்தின் போர்ட்லாந்தில் வெறுமனே 'இத்தாலியன்'.

இந்தப் பெயர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. கடைக்காரரைக் கேட்டாலும் சொல்வார், இணையத்தில் தேடினாலும் கிடைக்கும். எல்லாமே கேட்க அழகாக இருக்கும். நான் மென்பொருள் ஆள். ஒரு பிழை எப்படி வந்தது என்று பத்து பேர் பத்து கதை சொன்னால், நாங்கள் முதலில் திறப்பது பதிவுகளை. எந்த நேரத்தில் எது நடந்தது என்று வரிசைப்படுத்தினாலே பாதிக் கதை உதிர்ந்துவிடும். அதையே இங்கேயும் செய்து பார்த்தேன்.

மூன்று கதைகள், மூன்று சோதனைகள்

முதலில் சப்மரீன். அதிகம் சொல்லப்படும் கதை இது: இரண்டாம் உலகப்போர் சமயம், கனெக்டிகட் மாநிலத்தின் க்ரோட்டனில் இருந்த அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கித் தளத்துக்கு, பக்கத்து ஊர் இத்தாலியக் கடையிலிருந்து நூற்றுக்கணக்கில் சாண்ட்விச் போனது, அதனால் அந்தப் பெயர். நம்பும்படிதான் இருக்கிறது. ஆனால் டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டன் நகரத் தொலைபேசிப் புத்தகத்தில், 1940 ஜனவரியிலேயே, சப்மரீன் சாண்ட்விச் கிடைக்கும் என்று ஒரு விளம்பரம் இருக்கிறது. அமெரிக்கா போரில் இறங்கியது 1941 டிசம்பரில். போதாக்குறைக்கு, அந்தத் தளம் இருக்கிற வட்டாரத்தில் மக்கள் சொல்வது கிரைண்டர் என்று. பெயர் பிறந்த ஊரிலேயே அந்தப் பெயர் புழங்கவில்லை என்றால் எப்படி?

இன்னொரு கதை நியூஜெர்சியின் பேட்டர்சனில் இருந்து வருகிறது. அந்த ஊரில் ஆசிரியராக இருந்த ஜான் ஹாலண்ட் என்ற அயர்லாந்துக்காரர் 1878-ல் ஒரு சின்ன நீர்மூழ்கியைச் செய்து பாசாயிக் ஆற்றில் சோதித்தார். நவீன நீர்மூழ்கிகளின் முன்னோடிகளில் ஒருவர் அவர். அவருடைய பழைய படகுகளில் இரண்டு, 1920களின் கடைசியில் மறுபடி பேட்டர்சனில் காட்சிக்கு வந்தன. அங்கே மளிகைக்கடை வைத்திருந்த டொமினிக் கோன்டி அதைப் பார்த்துவிட்டுத் தன் கடை சாண்ட்விச்சுக்கு அந்தப் பெயரை வைத்தார் என்று அவர் பேத்தி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். தேதிப்படி இதில் முரண் இல்லை, 1940-க்கு முன்னால்தான் வருகிறது. ஆனால் ஆதாரம் குடும்ப நினைவு மட்டுமே.

அடுத்தது ஹோகி. பிலடெல்பியாவில் ஹாக் ஐலண்ட் என்ற இடத்தில் முதல் உலகப்போருக்காக ஒரு பிரம்மாண்டமான கப்பல் கட்டும் தளம் அமைத்தார்கள். ஒரே நேரத்தில் 50 கப்பல் கட்டலாம். 30,000 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். மொத்தம் 122 கப்பல்கள் கட்டி 1921-ல் மூடிவிட்டார்கள். இன்றைக்கு அந்த இடத்தில் இருப்பது பிலடெல்பியா விமான நிலையம். அங்கே வேலை பார்த்த இத்தாலியர்கள் மதியத்துக்குக் கட்டிக்கொண்டு வந்த ரொட்டிதான் ஹாகி, பிறகு ஹோகி ஆனது என்பது கதை. சிக்கல் என்னவென்றால், தளம் மூடியது 1921. அந்தச் சொல் அச்சில் தென்படுவதோ 1930களின் கடைசியிலும் 1940களிலும்தான். அதுவும் ஹாகி, ஹோகி என்று கடைக்கு ஒரு எழுத்துக்கூட்டலில். நடுவில் ஏறக்குறைய இருபது வருட மௌனம். இதற்குப் போட்டியாக இன்னொரு கதையும் உண்டு: ஆல் டி பால்மா என்ற ஜாஸ் இசைக்காரர், இவ்வளவு பெரிய ரொட்டியைத் தின்ன ஒருவன் பன்றியாகத்தான் இருக்கணும் என்று வேடிக்கையாக நினைத்தாராம். வேலையில்லாத பஞ்ச காலத்தில் கடை போட்டபோது அந்தப் பெயரையே வைத்தாராம். அச்சுத் தடயங்களோடு கொஞ்சமாவது ஒட்டிப்போவது இதுதான். ஆனால் ஊர்ப் பெருமைக்குக் கப்பல்தளம்தான் பொருத்தம், அதனால் அந்தக் கதை தங்கிவிட்டது. 1992-ல் மேயர் எட் ரெண்டல் ஹோகியை நகரத்தின் அதிகாரபூர்வ சாண்ட்விச் என்றே அறிவித்துவிட்டார்.

கடைசியாக ஹீரோ. இதை முழுசாகச் சாப்பிட ஒரு வீரன் வேண்டும் என்று கிளெமென்டைன் பேடில்ஃபோர்டு என்ற உணவுப் பத்திரிகையாளர் 1930களில் எழுதினார், அதிலிருந்து வந்த பெயர் என்பார்கள். இல்லை, கிரேக்கர்களின் கீரோ திரிந்து ஹீரோ ஆனது என்று இன்னொரு கட்சி. கீரோ அமெரிக்காவில் பரவியது 1970களில். ஹீரோ அதற்கு வெகுகாலம் முன்பே நியூயார்க்கில் இருக்கிறது. மகனுக்குப் பிறகு பிறந்த தகப்பன் மாதிரியான கதை இது.

தொலைபேசிப் புத்தகம் என்கிற ஆவணம்

இதையெல்லாம் முறையாகப் பார்த்தவர்கள் எட்வின் ஈம்ஸ், ஹோவர்டு ராபாய் என்ற இரண்டு ஆய்வாளர்கள். 1967-ல் 'அமெரிக்கன் ஸ்பீச்' என்ற மொழியியல் இதழில் இந்த சாண்ட்விச்சைப் பற்றி மட்டுமே ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் கையில் எடுத்தது பல நகரங்களின் தொலைபேசிப் புத்தகங்கள், அதிலும் கடைகள் விளம்பரம் கொடுக்கிற மஞ்சள் பக்கங்கள். எந்த ஊர்க் கடை தன்னை என்ன பெயரில் விளம்பரப்படுத்துகிறது என்று பட்டியல் போட்டார்கள். பத்துக்கு மேல் பெயர்கள் கிடைத்தன. அதில் அதிகம் பரவியிருந்தது சப்மரீன்.

இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட ஆச்சரியம் முறையைப் பற்றியது. இந்தக் கடைக்காரர்கள் நாட்குறிப்பு எழுதியவர்கள் இல்லை. அவர்களைப் பற்றி அந்தக் காலப் பெரிய பத்திரிகைகளும் அதிகம் எழுதவில்லை. காசு கொடுத்துப் போட்ட ரெண்டு வரி விளம்பரம்தான் அவர்கள் தேதியோடு விட்டுப்போன கையெழுத்து.

பெயருக்கு முன்னால் பசி

பெயர்க்கதைகள் எல்லாவற்றிலும் நாயகன் ஒரு கப்பல், ஒரு போர், அல்லது ஒரு பத்திரிகையாளர். ரொட்டியை அறுத்தவர் பின்னால் போய்விடுகிறார். அவர் யார்?

1880-க்கும் 1924-க்கும் நடுவே நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர்கள் அமெரிக்கா வந்தார்கள். பெரும்பாலோர் தெற்கு இத்தாலி, சிசிலிப் பக்கத்து ஏழை விவசாயிகள். ஹாசியா டைனர் என்ற வரலாற்றாசிரியர் 2001-ல் வெளியிட்ட நூலில் இதை விரிவாகச் சொல்கிறார்: ஊரில் இருந்தவரை இவர்களுக்கு இறைச்சி என்பது திருவிழாச் சாப்பாடு. வெள்ளை ரொட்டி பண்ணையார் வீட்டுப் பண்டம். அமெரிக்காவில் வேலை கடுமை, ஆனால் கோதுமையும் இறைச்சியும் கூலிக்காரனின் கைக்கு எட்டும் விலையில் கிடைத்தன. ஊரில் பார்க்க மட்டுமே முடிந்ததை இங்கே தினமும் சாப்பிட முடிந்தது.

இப்போது அந்த ரொட்டிக்குள் மறுபடி பாருங்கள். மொர்டடெல்லா வடக்கே பொலோன்யா ஊர்ச் சரக்கு. சலாமியின் பெயரிலேயே ஜெனோவா. கப்பிகோலா தெற்கத்திச் சரக்கு. புரோவலோனும் தெற்கில் பிறந்த பாலாடைக்கட்டிதான். இத்தாலி ஒரே நாடானதே 1861-ல். அங்கே பக்கத்து ஊர்க்காரனையே அந்நியனாகப் பார்த்தவர்கள் அதிகம். அப்படிப்பட்டவர்களின் ஊர்ப் பண்டங்கள் எல்லாம் ஒரே ரொட்டிக்குள் ஒன்றாகச் சேர்ந்தது அமெரிக்க மளிகைக்கடையின் பலகையில்தான். தெருவில் பல ஊர்க்காரர்கள் இருந்தார்கள், கடைக்காரர் எல்லோருக்கும் சரக்கு வைத்தார். இந்த சப்பை இத்தாலியில் போய்க் கேட்டால் கிடைக்காததற்குக் காரணம் அதுதான்.

தொடக்கக் கதைகளில் அதிகம் மதிக்கப்படுகிற இரண்டும் இதே சாயலில் இருக்கின்றன. 1902-ல் போர்ட்லாந்தில் ஜியோவன்னி அமாட்டோ என்ற ரொட்டிக்காரர் துறைமுகக் கூலிகளுக்குத் தள்ளுவண்டியில் ரொட்டி விற்றார். அதோடு இறைச்சியும் பாலாடைக்கட்டியும் காய்களும் வைத்துத் தரச்சொல்லி அவர்கள் கேட்டார்கள். 1906-ல் நியூ ஆர்லியன்ஸில் சிசிலிக்காரரான சால்வதோரே லூப்போவின் சென்ட்ரல் குரோசரி கடையில், இறைச்சி, ரொட்டி, ஆலிவ் ஊறுகாய் எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கி மடியில் வைத்துத் தடுமாறிச் சாப்பிட்டவர்களைப் பார்த்து, எல்லாவற்றையும் வட்ட ரொட்டிக்குள் அவர் அடைத்துக் கொடுத்தார். அதுதான் மஃபுலெட்டா. இவையும் கடைகள் சொல்கிற கதைகளே. ஆனாலும் இரண்டிலும் யோசனை வருவது வாங்குகிறவர்கள் பக்கமிருந்து, கடைக்காரர் அதைக் கவனிக்கிறார். அரைமணி நேர இடைவேளையில் ஒரு கையால் தின்று முடிக்க வேண்டிய ஆளின் தேவை அது.

அந்தத் தெருக்களுக்குப் புதிதாக ஆள் வருவது 1924-ல் ஏறக்குறைய நின்றுபோனது. புதிய குடியேற்றச் சட்டம் இத்தாலிக்கு ஒதுக்கிய எண்ணிக்கை வருடத்துக்கு 3,845 பேர். பேர்ல் ஹார்பருக்குப் பிறகு, குடியுரிமை வாங்காத சுமார் 6 லட்சம் இத்தாலியர்கள் எதிரி நாட்டு அந்நியர்கள் என்று வகைப்படுத்தப்பட்டார்கள். அடையாள அட்டை, பயணக் கட்டுப்பாடு எல்லாம் இருந்தது. 1942 அக்டோபர் 12, கொலம்பஸ் தினத்தன்றுதான் அது நீங்கியது. சப், ஹோகி, ஹீரோ என்கிற பெயர்கள் அச்சில் பெருகுவதும் ஏறக்குறைய இந்த வருடங்களை ஒட்டித்தான். இது அதனால்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெயர்ப் பட்டியலை இந்தத் தேதிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும்: போர்ட்லாந்தைத் தவிர மற்ற பெரிய பெயர்களில் இத்தாலி என்ற சொல்லே இல்லை.

அணு இயற்பியலாளரும் சப் கடையும்

இனி அந்தப் பையன் கேட்ட சப்வே. 1965 ஆகஸ்ட் 28 அன்று கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட்டில் முதல் கடை திறந்தது. திறந்தவர் பிரெட் டிலூக்கா, வயது 17, இத்தாலிய வம்சாவளி. கல்லூரிச் செலவுக்கு வழி தேடினவருக்கு யோசனை சொல்லி 1,000 டாலர் கடனும் கொடுத்தவர் குடும்ப நண்பர் பீட்டர் பக், ஓர் அணு இயற்பியலாளர். கடையின் முதல் பெயர் பீட்ஸ் சூப்பர் சப்மரீன்ஸ்.

இந்த பீட்டர் பக்கின் வாழ்க்கையில் இரண்டு விவரங்கள். ஒன்று, அவர் வளர்ந்தது சவுத் போர்ட்லாந்தில், அமாட்டோவின் ஊருக்கு எதிர்க்கரை. இரண்டாவது, ஜெனரல் எலெக்ட்ரிக்கில் அவர் பார்த்த வேலை, அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கான அணு உலைக் கணக்குகள்!

1940-ன் அந்தத் தொலைபேசிப் புத்தகம் கிடைக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நீர்மூழ்கி விஞ்ஞானி கடை வைத்தார், அதனால் சப்மரீன் என்று இந்நேரம் ஒரு கதை உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். க்ரோட்டன் கதையை விடப் பொருத்தமான கதை, ஆள் உண்மை, வேலை உண்மை, ஊர் உண்மை. பெயர் மட்டும் அவருக்கு 25 வருடம் முந்தையது. ஒரு கதை அழகாகப் பொருந்துகிறது என்பதாலேயே நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

சப்வே பிறகு 2001-ல் இந்தியாவுக்கும் வந்தது. வழியில் மளிகைக்கடை கழன்றுவிட்டது, ரொட்டியும் மாறிவிட்டது. 2020-ல் அயர்லாந்து உச்ச நீதிமன்றம் ஒரு வரி வழக்கில், மாவின் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் சர்க்கரை இருந்தால் வரிச்சட்டப்படி அது ரொட்டி ஆகாது, சப்வே ரொட்டியில் இருப்பது 10 சதவீதம் என்று தீர்ப்புச் சொன்னது.

பழைய கடைகள் இன்னமும் இருக்கின்றன. நியூஜெர்சிப் பக்கம் அப்படி ஒரு கடையில் நின்றால், கப்பிகோலா என்று எழுதியிருப்பதை வாடிக்கையாளர்கள் 'கபகூல்' என்று கேட்பதைக் காதால் கேட்கலாம். கடைசி உயிரை விழுங்கி, வல்லினத்தை மெலிதாக்கிப் பேசும் பேச்சு. இன்றைய பள்ளிக்கூட இத்தாலியில் அது கிடையாது. நூறு வருடத்துக்கு முன்னால் நேப்பிள்ஸ் பக்கமிருந்து கப்பலேறியவர்களின் வாய்மொழி, கொள்ளுப்பேரன்கள் நாக்கில் கால் கிலோ இறைச்சி வாங்கும்போது மட்டும் வருகிறது. பெயர்க்கதைகள் எதிலும் இடம் கிடைக்காத அந்தக் கடைக்காரர்களுக்கு, தொலைபேசிப் புத்தகத்துக்கு அடுத்தபடியாக நான் நம்புகிற சாட்சி இதுதான்.