வெறுங்கால் வீரர்கள் வென்ற கேடயம்



சென்ற தவணையில் நம் பையன்களை ஒரு காற்பந்துப் போட்டிக்கு அழைத்துப் போயிருந்தேன். திடலில் எதிர்க் குழுவைப் பார்த்ததுமே பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. “சார், அவனுங்க எல்லாரும் பூட்ஸ் போட்டிருக்கானுங்க. நாம எங்க சார் ஜெயிக்கிறது?” என்றான் நம் கோல் கீப்பர். விசில் ஊதுவதற்கு முன்பே நாங்கள் தோற்றுவிட்டோம். ஐந்து கோல் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தோம். வரும் வழியில் அவர்களுக்குச் சொன்ன சரித்திரத்தையே இங்கே எழுதுகிறேன்.

அது 1911-ஆம் ஆண்டு. இந்தியாவிலும் மலாயாவிலும் வெள்ளைக்காரன் ஆட்சி. இந்தியாவிலிருந்து மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆள் எடுக்கும் முறை அதற்கு முந்திய ஆண்டுதான் நிறுத்தப்பட்டது. இங்கே நம் பாட்டன் பூட்டன்மார் காடழித்து ரப்பர் நட்டுக்கொண்டிருந்தார்கள். தொரை எதிரே வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டிய காலம்.

அந்தக் காலத்தில் கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. கேடயம் என்றொரு பெரிய காற்பந்துப் போட்டி நடந்து வந்தது. அதுவரை எந்த இந்தியக் குழுவும் அதை வென்றதில்லை. 1889-இல் தொடங்கிய மோகன் பகான் சங்கம் 1909-இல் அதில் ஆடி, கார்டன் ஹைலேண்டர்ஸ் படைக் குழுவிடம் தோற்றது. அதற்காக அவர்கள் வீட்டில் முடங்கிவிடவில்லை. பயிற்சியை விடாமல் செய்தார்கள்.

1911 ஜூலையில் மறுபடியும் இறங்கினார்கள். தலைவர் சிப்தாஸ் பாதுரி. பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்கால். ஆசிரியராக இருந்த சுதிர் சட்டர்ஜி ஒருவர்தான் பூட்ஸ் போட்டிருந்தார். முன்வரிசை ஆட்டக்காரர் அபிலாஷ் கோஷ் கல்லூரி மாணவர்.

முதல் ஆட்டத்தில் செயின்ட் சேவியர் கல்லூரியை 3-0 என்று வென்றார்கள். அடுத்து ரேஞ்சர்ஸ் குழுவை 2-1, ரைபிள் பிரிகேட் படைக் குழுவை 1-0. அரையிறுதியில் மிடில்செக்ஸ் படைக் குழுவோடு 1-1 என்று சமன். திரும்ப ஆடியபோது 3-0 என்று வெற்றி!

ஜூலை 29, இறுதி ஆட்டம். எதிரே ஈஸ்ட் யார்க்ஷயர் படைக் குழு. திடலில் கூட்டம் அலைமோதியது. தூரத்தில் நின்றவர்களுக்குக் கோல் கணக்கைப் பட்டம் விட்டுத் தெரிவித்தார்களாம்! முதலில் கோல் போட்டது வெள்ளைக்காரக் குழு. நம்மவர்கள் தளரவில்லை. பாதுரி ஒரு கோல் போட்டுச் சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் அபிலாஷ் கோஷ் இன்னொன்று போட்டார். 2-1! ஆறு ஆட்டங்களில் போட்ட கோல் 12, வாங்கியது மூன்றே மூன்று. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது இதுதானே!

ஆனால் பிள்ளைகளே, வெறுங்கால்தான் ஜெயித்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்தியக் குழுவில் பலர் குளிரில் வெறுங்காலோடு ஆடினார்கள். யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று படுதோல்வி. அதன் பிறகுதான் இந்தியாவில் பூட்ஸ் கட்டாயமாக்கப்பட்டது. நான்கே ஆண்டுகளில், 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில், பூட்ஸ் போட்ட இந்தியக் குழு ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று நான்காம் இடம் பெற்றது.

இதில் நமக்கு இரண்டு பாடம் உண்டு. இல்லாததைச் சொல்லி அழுதுகொண்டு நிற்கக்கூடாது. அதே சமயம், இல்லாமையையே பெருமையாகப் பேசிக்கொண்டும் இருக்கக்கூடாது. வெறுங்காலோடு தொடங்கலாம், வெறுங்காலோடேயே நின்றுவிடக்கூடாது. காற்பந்துக்கு மட்டுமல்ல, படிப்புக்கும் இதுதான்.

பெற்றோர்களே! “பந்து விளையாடினா சோறு போடுமா வாத்தியாரே?” என்று என்னைக் கேட்கிறீர்கள். சோறு போடாமல் போகலாம். ஆனால் தோற்ற பிறகும் எழுந்து நிற்கக் கற்றுக்கொடுக்கும். சாயங்காலம் ஒரு மணி நேரம் பிள்ளையைத் திடலுக்கு அனுப்புங்கள். ராத்திரி ஒரு மணி நேரம் புத்தகத்தோடு உட்கார வையுங்கள். பூட்ஸ் வாங்க நாமெல்லாம் சேர்ந்து முடிந்ததைப் போடுவோம். என் பங்கை நான் முதலில் போடுகிறேன்.

அடுத்த ஆண்டு பரிசளிப்பு விழா மேடையில் ஒரு கிண்ணமும் இருக்கட்டும்!

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!