'தி வுமன் இன் வைட்': பிடிக்காத கல்யாணம், 30,000 பவுண்டு, ஒரு மர்மம் - பின்னால் இருக்கும் சட்டம் என்ன?

விக்டோரியா கால இங்கிலாந்தில் நடக்கும் காதல் நாவல்களோ வெப் சீரிஸ்களோ உங்களுக்குப் பழக்கம் என்றால், இந்தக் கதை தெரிந்திருக்கும். பணக்கார வீட்டுப் பெண். பெரியவர்கள் பேசி முடித்த, அவளுக்குப் பிடிக்காத மாப்பிள்ளை. அவள் மனதில் வேறொருவர். மாப்பிள்ளையிடம் ஏதோ ஒரு ரகசியம்.

இதெல்லாம் ஏன் எப்போதும் சேர்ந்தே வருகிறது? பதில் அந்தக் காலத்துச் சொத்துச் சட்டத்தில் இருக்கிறது. இந்த வகைக் கதைகளுக்கு முன்னோடியான வில்கி காலின்ஸின் 'தி வுமன் இன் வைட்' நாவலை வைத்தே அதைப் புரிந்துகொள்ளலாம். இனிமேல்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை: கதையின் முடிச்சுகள் எல்லாம் கீழே அவிழ்ந்துவிடும்.

கதை என்ன?

சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய 'ஆல் தி இயர் ரவுண்ட்' வார இதழில் 1859 நவம்பரிலிருந்து 1860 ஆகஸ்ட் வரை தொடராக வந்த நாவல் இது. கதை நடப்பது அதற்குப் பத்து வருடம் முன்பு.

கம்பர்லாந்தில் லிம்மரிட்ஜ் ஹவுஸ் என்ற பெரிய வீட்டில் வாழும் லாரா ஃபேர்லியை, சர் பெர்சிவல் கிளைட் என்பவருக்குக் கட்டிவைக்க அவளது அப்பா சாகும் முன்பே பேசி முடித்துவிட்டார். லாரா காதலிப்பதோ வீட்டுக்கு ஓவியம் கற்றுக்கொடுக்க வந்த வால்டர் ஹார்ட்ரைட்டை. வால்டர் அங்கே வருவதற்கு முன், லண்டன் போகும் சாலையில் நடு ராத்திரியில் வெள்ளை உடை அணிந்த ஒரு பெண்ணுக்கு உதவியிருக்கிறார். மனநலக் காப்பகத்திலிருந்து தப்பி வந்த அந்தப் பெண், ஆன் கேதரிக், லாராவின் சாயலில் இருக்கிறாள்.

தன் மனதில் வேறொருவர் இருக்கிறார் என்று லாரா மாப்பிள்ளையிடமே சொல்லிவிடுகிறாள். அவராகவே விலகிக்கொள்வார் என்று நினைக்கிறாள். அவர் விலகவில்லை. டிசம்பர் 22ஆம் தேதி கல்யாணம் நடக்கிறது.

அவர் ஏன் விலகவில்லை?

கணக்கு இதுதான்:

- 20,000 பவுண்டு: 21 வயது ஆனதும் லாராவுக்கு வரும் சொந்தப் பணம்.
- 10,000 பவுண்டு: லாரா உயிரோடு இருக்கும்வரை இதன் வருமானம் அவளுக்கு. அவள் இறந்தால் முழுத் தொகையும் அத்தைக்குப் போகும். அந்த அத்தையின் கணவர்தான் பெர்சிவலின் நண்பரான கவுண்ட் ஃபோஸ்கோ.

குழந்தை இல்லாமல் லாரா இறந்தால் அந்த 20,000 பவுண்டு அவள் உயில் எழுதியபடி போக வேண்டும் என்கிறார் குடும்ப வக்கீல். கணவருக்கே வர வேண்டும் என்கிறது பெர்சிவல் தரப்பு. முடிவெடுக்க வேண்டிய சித்தப்பா, தன்னைத் தொந்தரவு செய்யாமல் இருந்தால் போதும் என்று ஒப்புக்கொள்கிறார். அன்றிலிருந்து லாராவின் மரணத்துக்கு 30,000 பவுண்டு விலை.

பிறகு நடப்பது ஆள்மாறாட்டம். இதய நோயில் இறந்துபோகும் ஆன், லாராவின் பெயரில் புதைக்கப்படுகிறாள். உயிரோடு இருக்கும் லாரா, ஆன் பெயரில் காப்பகத்தில் அடைக்கப்படுகிறாள்.

சட்டம் என்ன சொன்னது?

அன்றைய ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் கல்யாணம் ஆனதும் கணவன், மனைவி இருவரும் சட்டத்தின் கண்ணில் ஒரே நபர். அந்த ஒருவர் கணவர்தான். மனைவியின் பணம், நகை, சம்பளம் எல்லாம் அவர் கைக்குப் போகும். தப்பிக்க ஒரே வழி, கல்யாணத்துக்கு முன்பே வக்கீல் வைத்து ஒப்பந்தம் எழுதி, சொத்தை அறக்கட்டளையாக வைப்பது. அது வசதி உள்ளவர்களுக்கு மட்டுமே சாத்தியம். அந்த ஒப்பந்தமும் சரியாக எழுதப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு லாராவே உதாரணம்.

காப்பகத்தில் அடைப்பதும் கற்பனை மட்டும் இல்லை. எழுத்தாளரும் அரசியல்வாதியுமான எட்வர்ட் புல்வர் லிட்டன், தன்னைப் பொதுமேடையில் எதிர்த்த மனைவி ரோசினாவை 1858ல் அடைத்து வைத்தார். பத்திரிகைகளில் எதிர்ப்பு கிளம்பியதும் சில வாரங்களில் அவர் விடுவிக்கப்பட்டார். நாவல் வெளிவரத் தொடங்கியது அதற்கு அடுத்த வருடம்.

சட்டம் மாறிய வரிசை:

- 1857: விவாகரத்துக்கு எனத் தனி நீதிமன்றம். மனைவி தகாத உறவு வைத்திருந்தார் என்று நிரூபித்தாலே கணவருக்கு விவாகரத்து. மனைவி கேட்டால், அதோடு கொடுமை, கைவிடுதல் போன்ற இன்னொரு குற்றத்தையும் நிரூபிக்க வேண்டும்.
- 1870: மனைவி சம்பாதிக்கும் பணம் அவருக்கே.
- 1882: மணமான பெண்ணுக்குத் தன் பெயரில் முழுச் சொத்துரிமை.
- 1891: மனைவியைக் கணவர் வீட்டில் அடைத்து வைக்க முடியாது என்று ஜாக்சன் வழக்கில் தீர்ப்பு.

மர்மம் எப்படி அவிழ்கிறது?

துப்பாக்கியால் அல்ல, பதிவேடுகளால். பெர்சிவலின் அப்பாவும் அம்மாவும் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. பட்டத்தையும் சொத்தையும் அடைய, தேவாலயப் பதிவேட்டில் ஒரு பொய்ப் பதிவை அவர் செருகியிருக்கிறார். வேறிடத்தில் இருந்த நகலில் அந்தப் பதிவு இல்லை. தடயத்தை அழிக்கப் போன இடத்தில் தீயில் சிக்கி இறந்துபோகிறார்.

லாரா உயிரோடு இருப்பதற்கு ஆதாரம் ஒரு தேதி. இறப்புச் சான்றிதழில் 'லாரா' இறந்ததாகச் சொல்லும் நாளுக்குப் பிறகுதான், உண்மையான லாரா லண்டனுக்கே கிளம்பியிருக்கிறாள். இத்தனைக்கும் முதல் பதிப்பில் காலின்ஸ் இந்தத் தேதிக் கணக்கில் தப்பு செய்திருந்தார். 'தி டைம்ஸ்' விமர்சகர் சுட்டிக்காட்டிய பிறகு திருத்தினார்.

இந்தியாவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு சட்டங்கள்.

ஒன்று, 1874ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டம். இது இன்றும் நடைமுறையில் உள்ளது. இதன் 6ஆவது பிரிவின்படி, மணமான ஆண் தன் உயிருக்கு எடுக்கும் இன்சூரன்ஸ் பாலிசியை மனைவி, குழந்தைகளுக்கான அறக்கட்டளையாக வைக்கலாம். கடன்காரர்கள் பொதுவாக அந்தப் பணத்தில் கை வைக்க முடியாது. இந்துக்கள், முஸ்லிம்கள் உள்ளிட்டோரின் பாலிசிகளுக்கு இந்தப் பிரிவு முதலில் பொருந்தியது மெட்ராஸ் மாகாணத்தில்தான், 1913 டிசம்பர் 31க்குப் பிறகு. மற்ற இடங்களுக்கு 1923 ஏப்ரலில்தான் வந்தது.

இரண்டாவது, மண வாழ்க்கை உரிமையை மீட்கும் வழக்கு. சேர்ந்து வாழ மறுக்கும் துணையை, சேர்ந்து வாழும்படி நீதிமன்றம் உத்தரவிடுவது. சிறுவயதில் கட்டிவைக்கப்பட்ட கணவரோடு வாழ மறுத்த ரக்மாபாய்க்கு, 1887ல் பம்பாய் உயர் நீதிமன்றம் இப்படித்தான் உத்தரவிட்டது. மீறினால் சிறை. போகத் தயார் என்றார் அவர். இங்கிலாந்தில் இதற்காகச் சிறையில் போடுவதை 1884லேயே நிறுத்திவிட்டார்கள். 1888ல் சமரசத்தில் வழக்கு முடிந்தது. ரக்மாபாய் லண்டனில் படித்து டாக்டர் ஆனார்.

இந்த வழக்கு முறையையே இங்கிலாந்து 1970ஆம் ஆண்டுச் சட்டத்தில் நீக்கிவிட்டது. இந்தியாவில் இந்து திருமணச் சட்டத்தின் 9ஆவது பிரிவாக அது நீடிக்கிறது. ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம் 1983ல் அதைச் செல்லாது என்றது. உச்ச நீதிமன்றம் 1984ல் செல்லும் என்றது. அதை எதிர்த்து 2019ல் மாணவர்கள் மீண்டும் உச்ச நீதிமன்றம் போனார்கள்.

அடுத்த முறை இப்படி ஒரு நாவலைத் திறந்தால், காதல் காட்சிகளைத் தாண்டி வக்கீல் வரும் அத்தியாயத்தையும் விடாமல் படியுங்கள். கதாநாயகிக்கு என்ன நடக்கப் போகிறது என்பது பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது.