விதி இறுக்கமானதா, மேற்பார்வை கறாரானதா?

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் தண்டலத்தைக் கடந்து செல்வோர், ஆலை வாயில்களில் ‘பாதுகாப்பு விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்றவும்’ என்ற வகையிலான பலகைகளைக் காணலாம். விபத்து நேர்ந்தால் ‘விதிகள் கடுமையாக்கப்படும்’ என்ற அறிவிப்பும் வரும். ஆங்கிலத்தில் இவ்விடத்தில் நிற்கும் சொல் பெரும்பாலும் ‘ஸ்ட்ரிஞ்சென்ட்’.

‘ஸ்ட்ரிக்ட்’, ‘ஸ்ட்ரிஞ்சென்ட்’ ஆகிய இரண்டும் இறுக்கிக் கட்டுதலைக் குறிக்கும் ஒரே லத்தீன் வினையிலிருந்து பிறந்தவை. வழக்கில் பிரிந்துவிட்டன. ஆசிரியரை ‘ஸ்ட்ரிக்ட்’ என்பர், ‘ஸ்ட்ரிஞ்சென்ட்’ என்பதில்லை. அது விதி, நிபந்தனை, தரம், சோதனை போன்றவற்றுக்கே உரிய அடைமொழி. கடன் கிடைப்பது அரிதாகும் பணச் சந்தையையும் பொருளியலார் இச்சொல்லால் சுட்டுவர். வகுப்பில் நான் அதைப் ‘பணமுடை’ என்றே கற்பித்தேன்.

தமிழில் ‘கடுமை’ எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. ‘கடுங்காவல்’ தண்டனையைப் பாருங்கள். சட்டம் சொல்வது கடின உழைப்புடன் கூடிய சிறைவாசம். மொழிபெயர்ப்பில் உழைப்பு மறைந்து காவல் மட்டும் எஞ்சியது.

இந்த வேறுபாடு தொழிலாளியின் விரல்களைத் தொடும் ஒன்று. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவு, இயந்திரத்தின் ஆபத்தான பகுதிகளுக்கு உறுதியான தடுப்பு அமைக்க வேண்டும் என்றது. இயந்திரம் ஓடும்வரை அத்தடுப்பு இடத்தைவிட்டு அகலக் கூடாது என்றும் கூறியது. இதையொத்த பிரிட்டிஷ் விதி குறித்த வழக்கில், தடுப்பிட்டால் சாணைச் சக்கரத்தைப் பயன்படுத்தவே இயலாது என்று நிர்வாகம் வாதிட்டது. 1955இல் பிரபுக்கள் சபை அவ்வாதத்தை ஏற்கவில்லை. ‘ஸ்ட்ரிஞ்சென்ட்’ என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஆனால், உதிரிபாகப் பட்டறை ஒன்றில் இரவு ஷிப்டின் உற்பத்தி இலக்கை எட்டுவதற்காக அழுத்து இயந்திரத்தின் தடுப்பைக் கழற்றிவிட்டால், அங்கே தளர்ந்தது விதியன்று, மேற்பார்வை. அப்போது விதியை மேலும் கடுமையாக்குவது செலவில்லாத அறிவிப்பு; ஆய்வாளர்களை நியமிப்பதற்கோ பணம் வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்தினால், எது வாக்களிக்கப்பட்டது என்று வாசகரால் கேட்கவே முடியாது.

‘கண்டிப்பாக’ என்ற சொல்லும் உதவாது. கண்டிப்பாக வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவர்கள் நம்மிடையே ஏராளம். விதிக்கு ‘இறுக்கமான’ என்றும், அதை நடைமுறைப்படுத்துவதற்கு உருது வழி வந்த ‘கறாரான’ என்றும் எழுதலாம். கறார் விலை என்றால் பேரத்துக்கு இடமில்லை என்பது சந்தைக்குச் செல்லும் எவருக்கும் தெரியும்.