குடிமை

வீடு, குடும்பம், குலம், ஊர் எனப் பல பொருள் தாங்கிய ‘குடி’ என்பதன் அடியாகப் பிறந்த ‘குடிமை’, திருக்குறளின் 96ஆம் அதிகாரத்தில் உயர்குடிப் பிறந்தாரின் பண்பைக் குறிக்கிறது. இப்பொருள் பின்னர் மாறியது. மரபையும் முடியாட்சியையும் பகுத்தறிவால் சோதித்த 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியச் சிந்தனையான அறிவொளி இயக்கத்தில், ஆட்சியதிகாரம் மக்களுக்கே உரியதென 1762இல் சிந்தனையாளர் ரூசோ வாதிட்டார். அக்கருத்து பிரெஞ்சுப் புரட்சியின் வழியே பரவி, 1950இல் முழுமையாக நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பின் முகப்புரையிலும் சமத்துவம், சகோதரத்துவம் என்னும் சொற்களில் வேரூன்றிய நிலையில், குலப்பெருமையைச் சுட்டிய குடிமை இன்று பிறப்புப் பாராத உரிமையைச் சுட்டுகிறது. தமிழ்ச் சொற்பொருள் வரலாற்றில் இதனினும் உயர்ந்த மாற்றம் அரிது. கொடைக்கானலை உள்ளடக்கிய பழனிமலையில் தேனும் கிழங்கும் தேடி வாழ்ந்த பளியருக்கும் இக்குடிமை உரியது. அவர்களைப் போன்ற பழங்குடியினரின் நிலவுரிமைக் கோரிக்கைகளைப் பெற்று முதலில் தீர்மானிக்கும் அதிகாரத்தை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கே அளித்துள்ளது.