தூண்டிலிடல் (இணைய மோசடி)

தூண்டிலிடல் என்பது, வங்கி போன்ற நம்பிக்கைக்குரிய நிறுவனம் ஒன்றின் பெயரில் போலிச் செய்தி அனுப்பி, ஒருவரின் பயனர் பெயர், கடவுச்சொல், அட்டை எண் முதலிய இரகசியத் தகவல்களை அவரிடமிருந்தே பெற்றுக்கொள்ளும் மோசடி ஆகும். இது ஆங்கிலத்தில் ஃபிஷிங் எனப்படுகிறது. இம்மோசடியில் பொதுவாக வங்கியின் கணினிகள் ஊடுருவப்படுவதில்லை; வாடிக்கையாளரே ஏமாற்றப்படுகிறார். எனவே வங்கியின் கணினிக் காப்பு எவ்வளவு வலுவாக இருப்பினும், அது மட்டும் இதனைத் தடுக்கப் போதாது.

பெயரும் வரலாறும்

மீன் பிடித்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்கூட்டலைச் சற்று மாற்றி ஃபிஷிங் என்ற சொல் உருவாக்கப்பட்டது. 1990களின் நடுப்பகுதியில், அமெரிக்கா ஆன்லைன் நிறுவனத்தின் பயனர் கணக்குகளைத் திருடியவர்களிடையே இச்சொல் வழக்குக்கு வந்தது. அவர்கள் அந்நிறுவனத்தின் ஊழியர்களைப் போல் நடித்து, உடனடிச் செய்திகள் மூலம் கடவுச்சொற்களைக் கேட்டுப் பெற்றனர். 2000களில் இணைய வங்கிச் சேவை பரவியபோது வங்கிக் கணக்குகள் இம்மோசடியின் முதன்மை இலக்காயின.

செயற்படும் முறை

இம்மோசடி பெரும்பாலும் பின்வரும் படிகளில் நிகழ்கிறது.

1. "உங்கள் கணக்கு முடக்கப்படும்", "பான் எண்ணைப் புதுப்பிக்கவும்" என்பன போன்ற அச்சமூட்டும் செய்தி மின்னஞ்சலாகவோ குறுஞ்செய்தியாகவோ வருகிறது. சிந்திக்க நேரம் தராமல் அவசரப்படுத்துவதே இதன் நோக்கம்.
2. செய்தியில் உள்ள இணைப்பு, வங்கியின் தளத்தைப் போலவே வடிவமைக்கப்பட்ட போலித் தளத்துக்கு இட்டுச் செல்கிறது.
3. அங்கு உள்ளிடப்படும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மோசடியாளரைச் சென்றடைகின்றன.
4. மோசடியாளர் அவற்றை உடனே உண்மையான தளத்தில் உள்ளிடுகிறார். வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் போலித் தளம் கேட்டுப் பெறுகிறது. அது காலாவதியாகும் முன்னரே பணம் மாற்றப்பட்டுவிடுகிறது.

மாற்றப்பட்ட பணம், பிறர் பெயரில் உள்ள பல கணக்குகள் வழியாகச் சிறு தொகைகளாகப் பிரிக்கப்பட்டு எடுக்கப்படுகிறது. இதனால் காலம் தாழ்த்தும் ஒவ்வொரு மணி நேரமும் மீட்பைக் கடினமாக்குகிறது.

வகைகள்

* குரல்வழித் தூண்டிலிடல்: வங்கி அலுவலர் எனக் கூறித் தொலைபேசியில் அழைத்துத் தகவல் பெறுதல். திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்லி, செல்பேசித் திரையை நேரடியாகக் காண்பதும் இதன்பாற்படும்.
* குறியிலக்குத் தூண்டிலிடல்: குறிப்பிட்ட ஒருவரின் பெயர், பணி முதலிய விவரங்களை முன்னரே திரட்டி, அவருக்கென்றே செய்தி எழுதுதல்.
* சிம் அட்டை மாற்று: திரட்டிய விவரங்களைக் கொண்டு வாடிக்கையாளரின் எண்ணுக்கு வேறொரு சிம் அட்டை பெற்று, ஒருமுறைக் கடவுச்சொற்களைக் கைப்பற்றுதல். செல்பேசியில் காரணமின்றி நெடுநேரம் சமிக்ஞை இல்லாதிருப்பது இதன் அறிகுறியாக இருக்கலாம்.
* யுபிஐ மோசடி: பணம் அனுப்புவதாகக் கூறி, விரைவுக் குறியீட்டை வருடி இரகசிய எண்ணை உள்ளிடச் செய்தல். யுபிஐ இரகசிய எண் பணம் செலுத்துவதற்கே தேவை. பணம் பெறுவதற்குத் தேவையில்லை.

தமிழ்நாட்டில் ஒரு வழக்கு

2007 ஆம் ஆண்டில், வெளிநாட்டில் பணியாற்றிய வாடிக்கையாளர் ஒருவர் தம் வங்கியிலிருந்து வந்ததுபோல் தோன்றிய மின்னஞ்சலுக்கு விவரங்களை அளித்தார். அவரது கணக்கிலிருந்து ஆறு இலட்சம் ரூபாய்க்கு மேல் வேறொரு கணக்குக்கு மாற்றப்பட்டது. வாடிக்கையாளரின் கவனக்குறைவே காரணம் என வங்கி வாதிட்டது. தகவல் தொழினுட்பச் சட்டத்தின்கீழ் தீர்ப்பளிக்கும் அலுவலரான தமிழ்நாடு அரசின் தகவல் தொழினுட்பத் துறைச் செயலாளர், 2010 ஏப்ரலில் வங்கி 12.85 இலட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என ஆணையிட்டார். வாடிக்கையாளர் ஏமாந்தார் என்பதனாலேயே வங்கியின் பொறுப்பு நீங்கிவிடாது என்பதை இவ்வாணை உணர்த்தியது.

தற்காப்பு வழிகள்

* வங்கித் தளத்தின் முகவரியைத் தாமே தட்டச்சு செய்தல் வேண்டும். செய்தியில் வரும் இணைப்பைச் சொடுக்கலாகாது.
* முகவரியின் தொடக்கத்தில் வங்கியின் பெயர் இருப்பது போதிய சான்றன்று. முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னுள்ள பகுதியே தளத்தின் உரிமையாளரைக் காட்டும். இந்திய வங்கிகள் "பேங்க்.இன்" என முடியும் தனி ஆள்களப் பெயருக்கு 2025 அக்டோபர் 31 ஆம் நாளுக்குள் மாற வேண்டும் என இந்திய ரிசர்வ் வங்கி பணித்தது.
* உலாவியில் தோன்றும் பூட்டுக் குறி, தரவு மறையாக்கம் செய்யப்படுவதை மட்டுமே காட்டும். தளத்தை நடத்துவோர் நேர்மையானவர் என்பதற்கு அது உறுதியன்று. போலித் தளங்களிலும் பூட்டுக் குறி இருக்கக்கூடும்.
* கடவுச்சொல், ஒருமுறைக் கடவுச்சொல், இரகசிய எண் ஆகியவற்றை வங்கி ஊழியர் உட்பட எவரிடமும் கூறலாகாது.
* வங்கியின் உதவி எண்ணைத் தேடுபொறியில் தேடாமல், அட்டையின் பின்புறத்திலோ கணக்குப் புத்தகத்திலோ பார்த்தல் நன்று.
* வங்கிக் கணக்குக்கும் மின்னஞ்சலுக்கும் வெவ்வேறு கடவுச்சொற்களைப் பயன்படுத்தல் வேண்டும்.

பணம் இழந்தால் செய்ய வேண்டியவை

இந்தியாவில் முதலில் வங்கிக்குத் தெரிவித்துக் கணக்கை முடக்க வேண்டும். உடனடியாக 1930 என்ற தேசிய உதவி எண்ணிலோ தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலோ புகார் அளிக்கலாம். விரைந்து புகார் அளித்தால், பணம் வெளியே எடுக்கப்படும் முன் அதனை நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. புகார் எண், வந்த குறுஞ்செய்திகள், கணக்கு அறிக்கை ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருத்தல் வேண்டும்.

சட்டமும் விதிகளும்

தகவல் தொழினுட்பச் சட்டம், 2000 இல் 2008 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 66சி பிரிவு அடையாளத் திருட்டையும், 66டி பிரிவு கணினி வழி ஆள்மாறாட்ட மோசடியையும் குற்றங்களாக்கின. இரண்டுக்கும் மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம்.

வாடிக்கையாளரின் இழப்புப் பொறுப்பை வரையறுத்து, இந்திய ரிசர்வ் வங்கி 2017 சூலை 6 அன்று சுற்றறிக்கை வெளியிட்டது. வங்கியின் குறைபாட்டால் பணம் போனால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்று அது கூறியது. வங்கி, வாடிக்கையாளர் ஆகிய இருவர்மீதும் தவறில்லாதபோது, வங்கியின் அறிவிப்புக் கிடைத்து மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தாலும் பொறுப்பில்லை. வாடிக்கையாளரே இரகசியத் தகவலைப் பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையான இழப்பு அவரைச் சாரும். தெரிவித்த பின் நேரும் இழப்பு வங்கியைச் சாரும். வாடிக்கையாளரின் பொறுப்பை மெய்ப்பிக்கும் சுமை வங்கிமீதே வைக்கப்பட்டது.

இவற்றையும் பார்க்கவும்

* இணைய வங்கிச் சேவை
* கடவுச்சொல்
* மறையாக்கம்
* இணையக் குற்றம்