ஆசிரியர் இறங்கிய பிறகு... முதல் தனிப் பறப்பும் அதைக் கொண்டாடும் மரபுகளும்

மலாக்கா பத்து பெரெண்டாம் விமான நிலையத்தை நாட்டின் சரித்திரம் ஒரு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறது. 1956-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் தேதி, லண்டன் பேச்சுவார்த்தையை முடித்துக்கொண்டு திரும்பிய துங்கு அப்துல் ரஹ்மான் வந்திறங்கியது இங்கேதான். இங்கிருந்து பண்டார் ஹிலிர் திடலுக்குச் சென்று, நாடு சுதந்திரம் பெறப்போகும் செய்தியைக் கூடியிருந்த மக்களுக்கு அறிவித்தார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1952-இல் கட்டப்பட்ட ஒரு சிறிய விமானத் தளத்துக்கு இதைவிடப் பெரிய பெருமை வேறென்ன வேண்டும்?

அதே ஓடுபாதையில் கூட்டமும் முழக்கமும் இல்லாமல் இன்னொரு வகை விடுதலையும் எத்தனையோ முறை நடந்திருக்கிறது. 1980-களிலிருந்து இங்கே விமானிகளுக்குப் பயிற்சி தரப்பட்டு வந்துள்ளது. மலேசியன் ஃப்ளையிங் அகாடமி இங்குதான் தன் மாணவர்களைப் பறக்கப் பழக்கியது. அந்த மாணவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. ஒரு மாணவர் முதன்முறையாகத் தனியாக விமானத்தை எடுத்துச் சென்று பத்திரமாகத் தரையிறக்கும் நாளை உலகெங்கும் உள்ள விமானப் பள்ளிகள் கொண்டாடுகின்றன. சில இடங்களில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். சில இடங்களில் சட்டையை வெட்டுகிறார்கள். வேறு சில இடங்களில் அடியும் விழுகிறது!

வெளிப் பார்வைக்கு இவை வாலிபக் குறும்பாகத் தெரியலாம். ஆனால் இந்த மரபுகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் பார்த்தால், ஆசிரியர் - மாணவர் உறவின் ஒரு நல்ல சரித்திரம் கிடைக்கிறது.

சில நிமிடங்களின் பெருமை

முதல் தனிப் பறப்பு நீண்ட பயணமன்று. மாணவர் ஓடுபாதையிலிருந்து எழும்பி, சுமார் ஆயிரம் அடி உயரத்தில் விமான நிலையத்தை ஒரு வட்டம் சுற்றி, புறப்பட்ட இடத்திலேயே இறங்குகிறார். எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இன்றைய மாணவர்களில் பலர் பத்து முதல் இருபது மணி நேரம் பயிற்றுநருடன் பறந்த பிறகே இந்தக் கட்டத்துக்கு வருகிறார்கள்.

பெரும்பாலும் இது காலை வேளையில் நடப்பதற்குக் காரணம் உண்டு. மலாக்கா நீரிணைக் கரையில் பகல் ஏற ஏற வெப்பம் மேகங்களைத் திரட்டும். பிற்பகலில் இடியும் மழையும் சாதாரணம். காற்று அமைதியாக இருக்கும் நேரம் பார்த்து, சில சுற்றுகள் கூடவே பறந்த பயிற்றுநர், விமானத்தை ஓரமாக நிறுத்தச் சொல்லித் தம் வார்ப்பட்டையைக் கழற்றுவார். "இனி நீயே ஒரு சுற்று போய் வா" என்று சொல்லிவிட்டு இறங்கிக்கொள்வார். கதவு சாத்தப்படும்.

அடுத்த நிமிடமே மாணவருக்கு ஒரு வித்தியாசம் தெரியும். செஸ்னா 152 போன்ற பயிற்சி விமானம் முழுச் சுமையோடும் 757 கிலோதான். அதிலிருந்து எழுபது, எண்பது கிலோ மனிதர் ஒருவர் இறங்கிவிட்டால், மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. விமானம் முன்பைவிடச் சீக்கிரமாக எழும்பும், வேகமாக ஏறும். பக்கத்து இருக்கை காலியாக இருப்பதைக் கண் பார்ப்பதற்கு முன்பே விமானம் சொல்லிவிடும்.

எல்லாரும் தனியாகவே பறந்த காலம்

விமானம் தோன்றிய தொடக்க ஆண்டுகளில் 'முதல் தனிப் பறப்பு' என்று தனியாக ஒரு நாள் எல்லாப் பள்ளிகளிலும் இருக்கவில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். பிரான்சில் லூயி ப்ளேரியோ நடத்திய பள்ளியின் முறையில் மாணவர் முதல் நாளிலிருந்தே தனியாகத்தான் அமர்ந்தார். முதலில் எழும்பவே முடியாதபடி இறக்கை குறைக்கப்பட்ட விமானத்தைத் தரையில் ஓட்டிப் பழகுவார். பறக்க முடியாத பறவையின் பெயரை வைத்து அதைப் 'பெங்குவின்' என்று அழைத்தார்கள். பிறகு சிறு சிறு தாவல்கள், அதன் பின் உயரப் பறத்தல். ஆசிரியர் தரையில் நின்று விளக்கம் சொல்வார். தவறு நேர்ந்தால் கூட இருந்து கைகொடுக்க ஆளில்லை.

முதல் உலகப் போர் காலத்தில் பிரிட்டனில் மாற்றம் வந்தது. 1917-இல் கோஸ்போர்ட் என்ற ஊரில் ராபர்ட் ஸ்மித்-பாரி என்ற அதிகாரி அமைத்த பயிற்சிப் பள்ளி, ஆசிரியரும் மாணவரும் ஒரே விமானத்தில், ஆளுக்கொரு கட்டுப்பாட்டுக் கோலுடன் அமர்ந்து பறக்கும் முறையை ஒழுங்குபடுத்தியது. ஆபத்தான நிலைகளைத் தவிர்க்கச் சொல்வதோடு நில்லாமல், அவற்றிலிருந்து மீள்வது எப்படி என்றும் அங்கே கற்றுக்கொடுத்தார்கள். இயந்திர இரைச்சலுக்கு நடுவில் ஆசிரியர் பேசுவது மாணவர் காதில் விழ ஒரு பேச்சுக் குழாயும் பயன்பட்டது. ஊரின் பெயரிலேயே அது 'கோஸ்போர்ட் குழாய்' எனப்பட்டது.

ஆசிரியர் விமானத்துக்குள் வந்தபோதுதான், அவர் அதிலிருந்து இறங்கும் நாள் என்ற ஒன்றும் பிறந்தது. இந்தக் கொண்டாட்டங்களுக்குப் பொருள் தருவது அந்த நாள்தான்.

சட்டை வெட்டிய கதை

மாணவருடைய சட்டையின் பின்பக்கத்தை வெட்டி எடுத்து, அதில் பெயர், தேதி, விமானத்தின் பதிவு எண் ஆகியவற்றை எழுதிப் பள்ளிச் சுவரில் மாட்டுவது அமெரிக்க மரபு. இதற்குச் சொல்லப்படும் விளக்கம் சுவையானது. பழைய பயிற்சி விமானங்களில் மாணவர் முன்னாலும் ஆசிரியர் பின்னாலும் அமர்ந்தார்கள். ஜென்னி என்று செல்லமாக அழைக்கப்பட்ட கர்ட்டிஸ் விமானத்தில் இந்த ஏற்பாடுதான் இருந்தது. வானொலி கிடையாது. மாணவரின் கவனத்தைத் திருப்ப, ஆசிரியர் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பாராம். தனியாகப் பறந்துவிட்டவருக்கு இனி அந்த இழுப்பு தேவையில்லை. எனவே இழுக்கும் இடத்தையே வெட்டிவிடலாம் என்பது கதை.

இந்த விளக்கம் எல்லா நாட்டுக்கும் பொருந்தாது. பிரிட்டனில் செய்யப்பட்ட மோத், டைகர் மோத் விமானங்களில் ஆசிரியர் முன்னால் அமர்ந்தார், மாணவர் பின்னால் இருந்தார். பேசுவதற்குக் குழாயும் இருந்தது. முன்னால் இருப்பவர் பின்னால் இருப்பவரின் சட்டையை இழுப்பது எப்படி? இந்தியாவிலும் மலாயாவிலும் பிரிட்டிஷார் காலத்துப் பறக்கும் கழகங்கள் இந்த மோத் வகை விமானங்களையே பெரிதும் பயன்படுத்தின. ஆகவே சட்டை வெட்டும் வழக்கம் இந்தப் பக்கம் எங்காவது தென்பட்டால், அதை அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி என்றே கொள்ளலாம்.

ஊருக்கு ஊர் ஒரு வழக்கம்

ஜெர்மனியில், இயந்திரமில்லாத மிதவை விமானக் கழகங்களில், முதல் தனிப் பறப்பை முடித்தவரின் பின்புறத்தில் சக உறுப்பினர்கள் ஆளுக்கொரு தட்டு தட்டுவார்கள். கையில் முட்செடிக் கொத்து ஒன்றையும் கொடுப்பார்கள். உயர எழும்பும் வெப்பக் காற்றை உடம்பாலேயே உணரப் பழகட்டும் என்று அதற்கு வேடிக்கையாக விளக்கம் சொல்வார்கள்.

சோவியத் நாட்டில் வழக்கம் நேர்மாறு. அங்கே மாணவர்தான் ஆசிரியருக்குக் கொடுக்க வேண்டும். 1955-இல் சரத்தோவ் நகரப் பறக்கும் கழகத்தில் தனியாகப் பறந்து இறங்கிய ஓர் இளைஞர், வழக்கப்படி தம் ஆசிரியருக்கு ஒரு பெட்டி சிகரெட் கொடுத்தார். ஆறு ஆண்டுகள் கழித்து விண்வெளிக்குச் சென்ற முதல் மனிதரான யூரி ககாரின்தான் அந்த இளைஞர்.

பல நாடுகளில் பரவலாக உள்ளது தண்ணீர் ஊற்றும் வழக்கம். வெயில் காயும் நாடுகளுக்கு இது மிகவும் பொருந்துகிறது. தமிழர்களுக்கும் இது அந்நியமாகத் தோன்றாது. வாழ்க்கையின் ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும்போது தலையில் நீர் வார்ப்பது நம் வீடுகளில் உள்ள பழக்கம்தானே! ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று சொல்வதற்கில்லை. இரண்டின் மனநிலையும் ஒன்று.

சென்னையிலிருந்து மலாயா வரை

இந்தியாவில் விமானி உரிமம் பெற்ற முதல் மனிதர் ஜே.ஆர்.டி. டாட்டா. 1929 பிப்ரவரி 10-ஆம் தேதி அவருக்கு உரிமம் கிடைத்தது. பம்பாய்ப் பறக்கும் கழகத்தில் வெறும் 3 மணி 45 நிமிடப் பயிற்சிக்குப் பிறகே அவர் தனியாகப் பறந்துவிட்டார். விமானங்கள் எளிமையாகவும் வானம் காலியாகவும் இருந்த காலம் அது.

1930-இல் சென்னையில் பறக்கும் கழகம் தொடங்கியது. 1935 நவம்பர் 27-ஆம் தேதி இலங்கையின் ரத்மலானை விமான நிலையத்தில் முதல் விமானத்தை இறக்கியவர் இந்தச் சென்னைக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர்தான். 1936-இல் லாகூரில் சர்லா தக்ரல் என்ற 21 வயதுப் பெண் புடவை கட்டிக்கொண்டு ஜிப்சி மோத் விமானத்தில் தனியாகப் பறந்தார். வெட்டுவதற்குச் சட்டை வாலே இல்லாத தனிப் பறப்பு அது! சென்னையின் உஷா சுந்தரம், 1949-இல் பெங்களூரு ஜக்கூர் அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் தேர்ச்சி பெற்றார். பின்னர் கணவருடன் சேர்ந்து டவ் வகை விமானம் ஒன்றை இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு 27 மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்த்தார்.

மலாயாவில் நிலைமை என்ன? சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் 1920-களின் இறுதியிலேயே பறக்கும் கழகங்கள் தோன்றிவிட்டன. ஆனால் அது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு. தோட்டத்துத் தமிழர்கள் அப்போது பால்மரங்களுக்கு நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தவர்கள்.

வணிக நோக்கில் மலாயாவின் முதல் ரப்பர் தோட்டம் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் 1896-இல் தான் சாய் யான் என்பவரால் போடப்பட்டது. ரைட் சகோதரர்களின் விமானம் எழும்பியது 1903-இல். விமானத்தைவிட மூத்தது மலாக்காவின் ரப்பர்த் தோட்டம். அந்தத் தோட்டங்களில் மரம் வெட்டியவர்களின் வழிவந்த பிள்ளை ஒருவர், அதே மண்ணுக்கு மேலே ஆயிரம் அடி உயரத்தில் தனியாக ஒரு சுற்றுச் சுற்றி வருவதன் அருமையை, இந்தக் கணக்கைப் பார்த்தால்தான் முழுமையாக உணர முடியும்.

கொண்டாட்டத்தின் எல்லை

இந்தப் பெருமைக்கு விலையும் உண்டு. வணிக விமானி ஆவதற்கான படிப்பு இலட்சக்கணக்கான ரிங்கிட்டை விழுங்கக்கூடியது. சேமநிதியைத் தொட்டும் கடன் வாங்கியும் பிள்ளையை அனுப்பும் குடும்பங்கள் உண்டு. முதல் தனிப் பறப்பின் படம் வீட்டுக்கு வந்ததும், "எங்கள் பிள்ளை பைலட் ஆகிவிட்டான்" என்று ஊரெல்லாம் சொல்லத் தோன்றும். அது இயல்பு. ஆனால் முதல் தனிப் பறப்பு உரிமமன்று. பயிற்றுநரின் அனுமதியின் பேரில், அவர் கண்காணிப்பில் நடக்கும் ஒரு படி அது. அனைத்துலக விதிகளின்படி தனியார் விமானி உரிமத்துக்கே பொதுவாக 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வணிக உரிமத்துக்கு 200 மணி நேரம், அங்கீகாரம் பெற்ற தொடர் பயிற்சியாக இருந்தால் 150 மணி நேரம் தேவை. உரிமம் வந்த பிறகும் வேலை நிச்சயமில்லை. 2020-இல் கொள்ளைநோய் பரவியபோது, அனுபவமிக்க விமானிகளே வேலையை இழந்தார்கள்.

கொண்டாடும் முறையிலும் கவனம் தேவை. தண்ணீர் ஊற்றுவது வேறு, இயந்திர எண்ணெயையும் கண்டதையும் கலந்து ஊற்றுவது வேறு. கண்ணில் பட்டால் விமானிக்கு அவசியமான மருத்துவத் தகுதிக்கே கேடு வரலாம். சட்டையை வெட்டுவதானாலும் நீரூற்றுவதானாலும் சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு செய்வதே மரியாதை. மாணவியராக இருந்தால் இது இன்னும் முக்கியம். வாழ்த்தும் செயல் வதையாக மாறினால் அதை மரபு என்று அழைக்க முடியாது.

உண்மையில் அந்தச் சில நிமிடங்களில் அதிகம் பதறுபவர் தரையில் நிற்கும் ஆசிரியர்தான். மாணவருக்கு வேலை இருக்கிறது. கையும் காலும் கண்ணும் ஓயாது. ஆசிரியருக்கோ அண்ணாந்து பார்ப்பதைத் தவிர வேறு வேலையில்லை. இந்தப் பிள்ளையைத் தனியே அனுப்பலாம் என்று தீர்மானித்தவர் அவர். தவறு நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. மாணவரின் பறப்புப் பதிவேட்டில் அந்தச் சில நிமிடங்கள் முதன்முறையாகத் தனிப் பறப்பு என்ற பத்தியில் எழுதப்படும்போது, அந்த நம்பிக்கையும் சேர்ந்தே பதிவாகிறது.

ஆகவே இந்தக் கொண்டாட்டத்தில் தோட்டப்புறப் பெற்றோர் ஒரு காரியம் செய்யலாம். புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டும் கையோடு, பிள்ளையை அழைத்துக்கொண்டு போய் அந்தப் பயிற்றுநருக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லலாம். ககாரின் சிகரெட் பெட்டியால் சொன்னதை, நாம் ஒரு தட்டுப் பலகாரத்தால் சொல்லலாம். தண்ணீர் காய்ந்துவிடும். இறங்கி நின்று வழிவிட்ட ஆசிரியரின் கடன் நீண்ட நாள் நிற்கும்.