கொதிநீரில் ஒரு குடித்தனம்

2021 ஏப்ரல் கடைசியில் அப்பாவின் மூக்கில் குச்சியை விட்டு மாதிரி எடுத்துக்கொண்டு போனார்கள். ரிசல்ட் வர மூன்று நாள். திருத்தணி வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து மலைக்கோயிலைப் பார்ப்பதும் போனைப் பார்ப்பதுமாக இருந்தேன். "அவன் பாத்துப்பான்டா" என்றாள் அம்மா. எனக்கோ லேபுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். தேடிப் போனால், கதை ஒரு வெந்நீர் ஊற்றில் போய் நின்றது.

1966இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் தாமஸ் பிராக்கும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃபிரீஸும் ஊற்றிலிருந்து மாதிரி எடுத்தார்கள். 70 டிகிரியில் ஒரு பாக்டீரியா நிம்மதியாகக் குடித்தனம் நடத்தும் என்று அன்றைக்கு அநேகம் பேர் நினைக்கவில்லை. இது அந்தச் சூட்டில்தான் செழித்தது. 1969இல் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பேர் வைத்து, ஆராய்ச்சியாளர் யாரும் வாங்கிக்கொள்ளட்டும் என்று நுண்ணுயிர்ச் சேமிப்பகத்தில் கொடுத்துவிட்டார்கள். நம்ம பாஷையில் ஓப்பன் சோர்ஸ்.

1983இல் கேரி முல்லிஸுக்கு பிசிஆர் யோசனை வந்தது. டி.என்.ஏ.வை 95 டிகிரிக்குச் சூடாக்கினால் இரண்டு இழைகளும் பிரியும். ஆறவிட்டால் ஒரு நொதி ஒவ்வோர் இழைக்கும் ஜோடி கட்டும். மறுபடி சூடு. ஒரு ஃபார் லூப், அவ்வளவுதான். முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டிவிடும். (கொரோனா ஆர்.என்.ஏ. வைரஸ் என்பதால் முதலில் அதை டி.என்.ஏ.வாக மாற்றிக்கொள்வார்கள்.) சிக்கல் என்னவென்றால், முதலில் பயன்படுத்திய ஈ.கோலை நொதி ஒவ்வொரு சூட்டிலும் செத்துப்போகும். சுற்றுக்குச் சுற்று புதிதாக ஊற்ற வேண்டும். ஊற்றுப் பாக்டீரியாவின் நொதி அசரவில்லை. 1991இல் பிசிஆர் உரிமையை ரோஷ் 30 கோடி டாலருக்கு வாங்கியது. 1993இல் முல்லிஸுக்கு நோபல். பூங்காவுக்குப் பைசா கிடையாது. இது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

நம் நாட்டிலும் இதன் பங்காளி உண்டு. இமாசலத்தின் மணிகரணில் பார்வதி தன் மணியைத் தொலைத்ததாகக் கதை. அங்கே குருத்வாராவில் ஊற்றுநீரிலேயே சோறு வேகிறது. அந்த ஊற்றில் கிடைத்த பாக்டீரியாவுக்கு டெல்லி பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2015இல் தெர்மஸ் பார்வதியென்சிஸ் என்று பேர் வைத்தார்கள். அம்மாவிடம் சொன்னேன். "முருகனோட அம்மா பேருடா!" ஆராய்ச்சிக் கட்டுரை அவளுக்கு அத்தோடு முடிந்தது.

அந்த மாதம் 4ஆம் தேதிதான் பிராக் தன் 94ஆவது வயதில் காலமாகியிருந்தார்.

மூன்றாம் நாள் ராத்திரி ரிசல்ட் வந்தது. பாசிட்டிவ். பக்கத்தில் சி.டி. 17 என்று போட்டிருந்தது. எத்தனையாவது சுற்றில் வைரஸ் தெரிந்தது என்ற கணக்கு அது. எண் சின்னதாக இருந்தால் மாதிரியில் வைரஸ் நிறைய என்று இப்போது எனக்குத் தெரியும். அம்மாவிடம் சொல்லவில்லை. இருபது நாள் கழித்து அப்பா எழுந்து உட்கார்ந்து காபி கேட்ட பிறகுதான் சொன்னேன்.